தையல் பிரித்தாயிற்று, அடுத்து?



வயிற்றில் ஓர் ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பிய பெண்ணிடம் முதல் மாதம் எல்லோரும் ‘சாப்பிட்டியா, தூங்கினியா’ என்று விசாரிப்பார்கள். இரண்டாவது மாதம் ‘வலி குறைஞ்சிருக்கா’ என்பார்கள். மூன்றாவது மாதம் கேள்வி மாறிவிடும். ‘டாக்டர் எப்போ குழந்தைக்கு ட்ரை பண்ணச் சொன்னாங்க?’ மாமியார் கேட்பார், நாத்தனார் கேட்பார், கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர்கூடக் கேட்பார். அவளுக்குள்ளும் அதே கேள்விதான் ஓடிக்கொண்டிருக்கும். பதில்தான் யாரிடமும் இருக்காது.

கட்டி எடுத்தவர்கள், குழாயில் கரு தங்கி நடு ராத்திரியில் ஆபரேஷன் தியேட்டருக்குப் போனவர்கள், குடல்வால் வெடித்தவர்கள், சிசேரியனுக்குப் பிறகு இரண்டாவது குழந்தைக்காகக் காத்திருப்பவர்கள் என்று நம் வாசகிகளிடையே பலர் உண்டு. குழந்தைப்பேறு சிகிச்சை பற்றி நாடெங்கும் விளம்பரப் பலகைகள். ஆனால் வயிற்றில் ஏற்கெனவே கத்தி பட்டவர்கள் எப்போது, எப்படி ஆரம்பிப்பது என்று அவற்றில் எதுவும் சொல்வதில்லை. இந்த மாதம் அதைக் கொஞ்சம் உட்கார்ந்து பேசுவோம்.

வீடுகளில் பொதுவாக இரண்டு யோசனைகள் கிடைக்கும். ‘ஒரு வருஷம் போகட்டும், உடம்பு தேறட்டும்’ என்பார் அம்மா. ‘கட்டியைத்தான் எடுத்தாச்சே, இன்னும் எதுக்குக் காத்திருக்கணும்?’ என்பார்கள் புகுந்த வீட்டில். இரண்டும் அக்கறையில் சொல்வதுதான். ஆனால் உள்ளே நடந்த ஆபரேஷன் என்ன என்று தெரியாமல் இதில் எது சரி என்று எப்படிச் சொல்வது?

ஒரே தெருவில் இருக்கும் இரண்டு பெண்களை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு பேருக்கும் ‘வயித்துல கட்டி எடுத்தாங்க’. ஒருத்திக்கு எடுத்தது ஃபைப்ராய்டு, கர்ப்பப்பையின் சதைக்குள்ளேயே வளர்ந்த நார்க்கட்டி. அதை எடுக்கக் கர்ப்பப்பையின் சுவரை வெட்டி, கட்டியைத் தோண்டி, மறுபடி அடுக்கடுக்காகத் தைத்திருப்பார்கள். வெளித் தையல் பத்து நாளில் ஆறிவிடும். உள் தையல் உறுதியாக மாதங்கள் ஆகும். பொதுவாக 3 முதல் 6 மாதம், ஆழமாக வெட்டியிருந்தால் ஒரு வருடம்கூடக் காத்திருக்கச் சொல்வார்கள். காரணம் உண்டு. சரியாக ஆறாத தழும்பு, கரு வளர்ந்து கர்ப்பப்பை விரியும்போதோ பிரசவ வலியின்போதோ விட்டுப்போகலாம். அபூர்வம்தான். ஆனால் நடந்துவிட்டால் தாய்க்கும் குழந்தைக்கும் உயிராபத்து. அதனால்தான் ஆழமாகத் தைத்தவர்களுக்குப் பிரசவம் சிசேரியனாக இருக்கட்டும் என்று முன்கூட்டியே எழுதி வைக்கிறார்கள்.

இன்னொருத்திக்கு எடுத்தது சினைப்பையில் இருந்த சாக்லேட் நீர்க்கட்டி. எண்டோமெட்ரியோசிஸ் என்ற நோயால் வருவது. இவள் கணக்கு நேர் எதிர். கட்டியின் தோலை உரித்து எடுக்கும்போது அதோடு ஒட்டிய நல்ல சினைப்பைத் திசுவும் கொஞ்சம் போய்விடுகிறது. அதில் இருந்த கருமுட்டைகளும் போய்விடுகின்றன. போதாததற்கு, இந்தக் கட்டி திரும்ப வரும் சுபாவம் உள்ளது. ஆபரேஷன் முடிந்த அடுத்த ஆறு மாதம், ஒரு வருடம்தான் இவளுக்கு நல்ல காலம். ‘உடம்பு தேறட்டும்’ என்று ஒரு வருடத்தைக் கடத்தினால் கையில் கிடைத்த காலத்தையே தொலைத்ததாகிவிடும்.

இப்போது அந்த இரண்டு பேரும் மாடியில் துணி காயப் போடும்போது பேசிக்கொள்கிறார்கள். ‘எங்க டாக்டர் ஆறு மாசம் வேண்டாம்னுட்டாங்க.’ ‘அப்படியா? எங்க டாக்டர் உடனே வரச் சொல்றாங்களே, காசு பிடுங்கத்தான் போல!’ சந்தேகம் எப்படி முளைக்கிறது பார்த்தீர்களா? இரண்டு டாக்டர்கள் சொன்னதும் சரியாகவே இருந்திருக்கும்.

நான் இந்தப் பக்கத்தில் அழுத்திச் சொல்ல நினைப்பது இதுதான்: காயம் ஆறும் கணக்கு வேறு, கருமுட்டையின் கணக்கு வேறு. கர்ப்பப்பைக்கு ஓய்வு கொடுக்கலாம். முட்டைகளுக்கு அப்படி ஓய்வு கிடையாது. பெண்ணுக்கு 35 தாண்டிவிட்டால் முட்டைகளின் எண்ணிக்கையும் தரமும் வேகமாக இறங்குகின்றன. ஃபைப்ராய்டு ஆபரேஷன் ஆன 37 வயதுப் பெண், தையல் ஆறட்டும் என்று ஒரு வருடம் சும்மா இருப்பது நியாயமா?

அதற்கு இன்று வழி இருக்கிறது. முட்டைகளை எடுத்து, கருவாக்கி, உறைநிலையில் வைத்துவிடலாம். கர்ப்பப்பை முழுதாக ஆறிய பிறகு கருவை உள்ளே வைக்கலாம். சிலருக்கு ஆபரேஷனுக்கு முன்பே இதைச் செய்துவிடுவது இன்னும் நல்லது, குறிப்பாக இரண்டு பக்கச் சினைப்பையிலும் கட்டி இருப்பவர்களுக்கு. எல்லோருக்கும் இது தேவை என்று நான் சொல்லவில்லை. ‘எனக்கு இது பொருந்துமா’ என்று ஆபரேஷன் தேதி குறிக்கும்போதே கேட்டுவிடுங்கள் என்கிறேன். ஏ.எம்.எச். என்றொரு ரத்தப் பரிசோதனை இருக்கிறது. மாதத்தின் எந்த நாளிலும் எடுக்கலாம். கையிருப்பில் முட்டைகள் ஏறக்குறைய எவ்வளவு என்று சொல்லும். தரத்தைச் சொல்லாது. அதனால் அந்த ஒரு எண்ணைப் பார்த்து அழவும் வேண்டாம், குதிக்கவும் வேண்டாம்.

அடுத்து, ஒட்டுதல்கள். வயிற்றைத் திறந்து மூடினால் உள்ளே ஆறும்போது உறுப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதுண்டு. கஞ்சி போட்ட புடவையின் மடிப்புகள் ஒட்டிக்கொள்ளுமே, அப்படி. கீ-ஹோல் ஆபரேஷனில் இது குறைவு. இல்லவே இல்லை என்று சொல்ல முடியாது. குடலோடு குடல் ஒட்டினால் பலருக்கு ஒன்றும் தெரியாது. கருக்குழாய் மடங்கி ஒட்டிக்கொண்டால்தான் சிக்கல். முட்டையும் விந்தணுவும் சந்திக்கும் பாதை அதுதானே? மாதவிலக்கு முடிந்தபின், சுழற்சியின் 6-ஆம் நாளிலிருந்து 10-ஆம் நாளுக்குள், மருந்தைச் செலுத்தி எக்ஸ்ரே எடுத்தால் குழாய் திறந்திருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

சில சமயம் அடைபட்ட குழாயில் நீர் கோத்திருக்கும். அப்போது டாக்டர் சொல்வதைக் கேட்டு வீடே அதிர்ந்துபோகும். ‘ஐ.வி.எஃப். செய்வதற்கு முன்னால் அந்தக் குழாயை எடுத்துவிட வேண்டும், அல்லது கிளிப் போட்டு அடைத்துவிட வேண்டும்.’ பிள்ளை வேண்டும் என்று வந்தால் குழாயையே எடுக்கச் சொல்கிறார்களே! ஆனால் அந்த நீர் கர்ப்பப்பைக்குள் கசிந்து, வைத்த கருவைத் தங்கவிடாமல் செய்கிறது. ஐ.வி.எஃப். பலிக்கும் வாய்ப்பு ஏறத்தாழப் பாதியாகிவிடும். மேலும், ஐ.வி.எஃப்.-இல் முட்டை குழாய் வழியாக வருவதே இல்லை. ஊசி மூலம் சினைப்பையிலிருந்து நேராக எடுத்து, வெளியே கருவாக்கி, கர்ப்பப்பைக்குள் வைக்கிறார்கள். உலகின் முதல் சோதனைக் குழாய்க் குழந்தை லூயிஸ் பிரவுன் 1978 ஜூலை 25 அன்று இங்கிலாந்தில் பிறந்தது இதனால்தான். அவருடைய அம்மா லெஸ்லிக்கு இரண்டு குழாய்களும் அடைபட்டிருந்தன. குழாயைச் சரிசெய்ய முன்பு செய்த ஆபரேஷனும் பலிக்கவில்லை. வயிற்றில் கத்தி பட்ட பெண்ணுக்காகவே பிறந்த சிகிச்சை இது.

நம் ஊரில் குழாய் அடைப்பு என்றால் காசநோயைப் பற்றியும் ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும். இருமல் இல்லாமலே, நுரையீரலில் ஒன்றும் இல்லாமலே, கர்ப்பப்பையிலும் குழாயிலும் அது வரும். வயிற்று ஆபரேஷனில் எடுத்த திசுவைப் பரிசோதித்து அது தெரியவந்தால் பொதுவாக ஆறு மாத மாத்திரையை முழுதாக முடித்த பிறகுதான் மற்றதெல்லாம்.

குடல்வால் ஆபரேஷன் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. பெண் பார்க்க வருகிறவர்களிடம் அந்தத் தழும்பை மறைக்கும் அம்மாக்கள் இன்றும் இருக்கிறார்கள். ‘வயித்தைக் கிழிச்ச பொண்ணு’ என்று ஒரு சொல் வந்துவிடுமோ என்ற பயம். வெடிப்பதற்கு முன் சாதாரணமாக எடுத்த குடல்வாலுக்கும் பிள்ளைப்பேற்றுக்கும் சம்பந்தமே இல்லை. வெடித்துச் சீழ் பரவியிருந்தால் மட்டும், ஒட்டுதல் இருக்கிறதா என்று சற்று சீக்கிரமாகவே பார்த்துக்கொள்வது நல்லது. மற்றபடி அந்தத் தழும்பு பாவம், அதன்மேல் பழி போடாதீர்கள்.

சிசேரியனும் வயிற்று ஆபரேஷன்தான் என்பதை நாம் மறந்தே போனோம், அவ்வளவு பழகிவிட்டது. 2019-21-இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 100 பிரசவங்களில் சுமார் 45 சிசேரியன். இரண்டாவது குழந்தைக்குச் சிகிச்சை எடுக்க வருகிறவர்களில் இப்படிப்பட்டவர்கள் நிறைய. ஒரு பிரசவத்துக்குப் பிறகு அடுத்து கருத்தரிக்க 2 வருடமாவது இடைவெளி நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. வயது அதிகமானவர்களுக்கு டாக்டர் இதைக் கொஞ்சம் குறைத்துச் சொல்லலாம். எடைக் குறைப்புக்காக இரைப்பையில் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் 12 முதல் 18 மாதம் பொறுக்க வேண்டும். எடை வேகமாக இறங்கும் அந்தக் காலத்தில் கருவுக்குப் போய்ச் சேர வேண்டிய சத்து தாய்க்கே போதாது.

குடும்பக் கட்டுப்பாடு செய்த பிறகு மறுபடி குழந்தை வேண்டும் என்று வருகிறவர்களும் உண்டு. மறுமணம் ஒரு காரணம். இன்னொன்றை நினைத்தால் இப்போதும் மனசு கனக்கிறது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் நாகை கரையோரம் பிள்ளைகளை மொத்தமாகப் பறிகொடுத்த தாய்மார்களில் பலர் ஏற்கெனவே குடும்பக் கட்டுப்பாடு செய்துகொண்டவர்கள். குழாயை மறுபடி இணைக்கும் ஆபரேஷனை அவர்களுக்கு இலவசமாகச் செய்துவைக்கத் தமிழக அரசு முன்வந்தது. அந்த ஆபரேஷன் செய்துகொண்டவர்களும், குழாயில் கரு தங்கி ஒருமுறை தப்பியவர்களும் ஒரு விஷயத்தில் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். நாள் தள்ளிப்போனதும் சந்தோஷத்தோடு சந்தோஷமாக, 6-ஆவது வாரத்திலேயே ஸ்கேன் எடுத்து, கரு கர்ப்பப்பைக்குள்தான் இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். மறுபடி குழாயில் தங்கும் அபாயம் இவர்களுக்கு மற்றவர்களைவிட அதிகம்.

இவ்வளவும் சொன்னேனே, உங்களுக்கு என்ன ஆபரேஷன் நடந்தது என்று உங்களுக்கே தெரியுமா? ‘ஏதோ கட்டிங்க, ஆரஞ்சுப் பழ சைஸ்ல இருந்துச்சாம்’ என்பதோடு பலருக்கு விவரம் முடிந்துவிடுகிறது. புது டாக்டரிடம் போய் உட்கார்ந்தால் அவர் கேட்கும் முதல் கேள்வியே அதுதான். கட்டி எவ்வளவு ஆழம்? கர்ப்பப்பையின் உள்ளறை வரை திறந்தார்களா? சினைப்பை எங்கே ஒட்டியிருந்தது? முட்டை எடுக்கும்போது ஊசி போக வேண்டிய பாதையையே இது தீர்மானிக்கும். கர்ப்பப்பைக்குப் பின்னாலோ மேலேயோ இழுத்து ஒட்டியிருக்கும் சினைப்பையை எட்டுவது சிரமம்.

இதற்கெல்லாம் பதில் டிஸ்சார்ஜ் சம்மரியில் பாதிதான் இருக்கும். மீதி ஆபரேஷன் நோட்ஸில் இருக்கும். அது தனித் தாள். கேட்டால்தான் தருவார்கள். திசுப் பரிசோதனை ரிப்போர்ட்டும் தனி. நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும் என்று மருத்துவர்களுக்கான 2002-ஆம் ஆண்டு விதிமுறைகள் சொல்கின்றன. ஆனால் அதே விதிமுறைகளின்படி 3 வருடம் வரைதான் அவற்றை வைத்திருக்க வேண்டிய கட்டாயம். நான்காவது வருடம் போய்க் கேட்டால் ‘பழைய ஃபைலெல்லாம் போட்டாச்சுங்க’ என்ற பதில் வரலாம். ரேஷன் கார்டு, பத்திரம் வைக்கிற பீரோவில் இந்தத் தாள்களுக்கும் ஓர் இடம் கொடுங்கள். செல்போனில் ஒரு படம் பிடித்துக் கணவருக்கும் அனுப்பிவையுங்கள்.

கணவர் என்றதும் நினைவுக்கு வருகிறது. மனைவியின் வயிற்றில் தழும்பு இருந்துவிட்டால் குறை அவளிடம்தான் என்று வீடு முடிவு கட்டிவிடுகிறது. குழந்தையில்லாத தம்பதிகளில் ஏறத்தாழப் பாதிப் பேரிடம் ஆண் பக்கக் காரணமும் சேர்ந்தே இருக்கிறது. விந்தணுப் பரிசோதனை சில நூறு ரூபாய் விஷயம். கத்தி இல்லை, மயக்க மருந்து இல்லை. ஆனால் மனைவி இரண்டு ஆபரேஷன் தாண்டிய பிறகும் அந்த ஒரு டெஸ்டுக்குப் போகாத மாப்பிள்ளைகள் உண்டா இல்லையா? நீங்களே சொல்லுங்கள். ஆண்களுக்கும் ஆபரேஷன் கதை இருக்கும். சின்ன வயதில் விதை இறங்காததால் செய்தது, குடலிறக்கத்துக்கு வலை வைத்துத் தைத்தது. டாக்டரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். விந்தணு உருவாகி வெளியேற இரண்டரை, மூன்று மாதம் ஆகிறது. சமீபத்தில் கடுமையான காய்ச்சல் வந்து போயிருந்தால் ரிப்போர்ட் மோசமாக வரலாம். மூன்று மாதம் கழித்து இன்னொரு முறை பார்த்த பிறகு கவலைப்படலாம்.

காத்திருக்கச் சொன்ன மாதங்களை வீணாக்க வேண்டியதில்லை. ஃபைப்ராய்டால் வருடக்கணக்கில் ரத்தம் போனவர்களுக்கு ஹீமோகுளோபின் பாதாளத்தில் இருக்கும். இந்தியப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை இருக்கிறது, ஆபரேஷன் ஆனவர்களைக் கேட்கவே வேண்டாம். 12-க்கு மேல் ஏற்றிக்கொண்டு ஆரம்பிப்பது நல்லது. ஃபோலிக் அமில மாத்திரையைக் கரு தங்கிய பிறகு தொடங்குவது தாமதம். ஒன்றிரண்டு மாதம் முன்பே ஆரம்பிக்க வேண்டும். தைராய்டு, சர்க்கரை, ருபெல்லா தடுப்பூசி எல்லாவற்றையும் இந்த இடைவெளியில் முடித்துவிடலாம். வயிற்றைத் திறந்து செய்த ஆபரேஷன் என்றால் ஆறு வாரம் தண்ணீர்க் குடம், கேஸ் சிலிண்டர் பக்கம் போகக் கூடாது. அதற்காக மூன்று மாதம் கட்டிலிலேயே கிடப்பதும் வேண்டாம். நடக்கத்தான் சொல்கிறார்கள்.

இந்தப் படுக்கை விஷயம் கரு வைத்த பிறகும் வரும். இரண்டு வாரம் அசையாமல் படுத்திருந்தால்தான் கரு தங்கும் என்று நம்பி, ஆஸ்பத்திரி பக்கத்தில் ரூம் எடுத்துத் தங்குகிறவர்கள் எத்தனை பேர்! படுத்தே கிடப்பதால் பலன் கூடுவதாக ஆய்வுகள் காட்டவில்லை. பாத்ரூம் போனால் கரு நழுவி விழுந்துவிடாது. அந்த ரூம் வாடகையை மிச்சம் பிடியுங்கள்.

ஏனென்றால் பணம் பெரிய விஷயம். ஆபரேஷனுக்கே நகை அடகுக் கடைக்குப் போயிருக்கும். தனியார் மையங்களில் ஐ.வி.எஃப். ஒரு சுற்றுக்கு ஒன்றரை லட்சம் முதல் இரண்டரை லட்சம் ரூபாய் வரை ஆவது சகஜம். பெரும்பாலான இன்ஷூரன்ஸ் பாலிசிகள் இதற்குக் கை கொடுப்பதில்லை. பேக்கேஜ் என்று சொல்லும் தொகையில் ஹார்மோன் ஊசி உண்டா, கருவை உறையவைக்கும் கட்டணம் உண்டா என்று எழுத்தில் வாங்குங்கள். செயற்கைக் கருத்தரிப்பு பற்றிய 2021-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒவ்வொரு மையமும் பதிவு பெற்றிருக்க வேண்டும். பெண்ணுக்கு 50, ஆணுக்கு 55 என்று உச்ச வயதும் உண்டு. பதிவு எண் கேட்பதில் கூச்சம் எதற்கு? சென்னை எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையிலும் செயற்கைக் கருத்தரிப்பு மையம் தொடங்கியிருக்கிறார்கள். கடன் வாங்குவதற்கு முன் அங்கே ஒருமுறை விசாரித்துவிடுங்கள்.

வயது குறைந்தவர்களுக்கே ஒரு சுற்றில் பலிப்பது மூன்றில் ஒருவருக்கு என்ற அளவில்தான். அதனால் எத்தனை சுற்று, எவ்வளவு பணம் என்பதைக் கணவனும் மனைவியும் முதல் ஊசிக்கு முன்பே பேசிக்கொள்ள வேண்டும். தோல்வியடைந்த மறுநாள் எடுக்கும் முடிவில் நிதானம் இருக்காது. தத்தெடுப்பதில் விருப்பம் உள்ளவர்கள் அதைக் கடைசிக்கு என்று ஒதுக்கி வைக்க வேண்டாம். மத்திய அரசின் தத்தெடுப்பு ஆணையமான ‘காரா’வின் இணையதளத்தில்தான் பதிவு செய்ய வேண்டும். வரிசை வருடக்கணக்கில் நீள்கிறது. கணவன், மனைவி இருவரின் வயதையும் கூட்டிப் பார்த்துத்தான் எந்த வயதுக் குழந்தை என்று தீர்மானிக்கிறார்கள். பத்து வருடம் சிகிச்சை பார்த்துவிட்டு அங்கே போகிறவர்களுக்குக் கைக்குழந்தை கிடைக்காமல் போவது அதனால்தான்.

அன்புடன்,
ஆசிரியர்